வாக்காளர் மனத்தை மாற்றுபவர் யார்?

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு மாலைப் பொழுது, முன்னர் எம்மிடம் கல்வி கற்ற மாணவி ஒருத்தி எமது இல்லத்துக்கு வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பயில்பவள். அவள் கையில் இரண்டு கட்டுத் தாள்கள் இருந்தன. சிறிய கட்டை எம்முன் மேசைமீது வைத்தாள். பெரிய கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பட்டப் படிப்பின் நிறைவுக்காக அவள் மேற்கொண்ட ஆய்வின் பொருள், வாக்காளர்மீது ஊடகங்கள் செலுத்தும் செல்வாக்கு என்பதாகும். 2024ஆம் ஆண்டு செப்ரெம்பரில் சனாதிபதித் தேர்தலும், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலும் அடுத்தடுத்து நடந்தன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. எவரும் எதிர்பாராத இம்மாற்றத்தை உண்டாக்கியது யாது என்று ஊரெல்லாம் பேச்சு. "எல்லாம் இந்தக் கைத்தொலைபேசி செய்த வேலை" என்று பலர் கூறக் கேட்ட எம் மாணவி, அதனையே தன் ஆய்வின் கருதுகோளாகக் கொண்டு, வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்து வீடு வீடாகச் சென்றாள். அதில் தலையாய வினா இது: "ஊடகங்களின் காரணமாக உங்கள் வாக்கை நீங்கள் மாற்றிக்கொண்டதுண்டா?"

உண்டு என்றவர்களின் தாள்கள் மேசைமீதிருந்த சிறிய கட்டு. இல்லை என்றவர்களின் தாள்கள் அவள் மடியிலிருந்த பெரிய கட்டு.

உடன் பயிலும் ஒருவர் அவளுக்கு ஓர் உபாயம் கூறியிருந்தார். பெரிய கட்டிற் பாதியை ஒதுக்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். யார் போய் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? அதைச் சொல்லிவிட்டு அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், "ஒளிச்சு வைச்சால் ஒருத்தருக்கும் தெரியாது, சேர். எனக்குத் தெரியுமே" என்றாள்.

அவளுக்கு நாம் அன்று மாலை கூறியவற்றையே இங்கு எழுதப் புகுந்தோம். இவ்வகை ஆய்வுகளில் இறங்கும் மாணவர் இன்று பலர். அவர்களுக்கும், தேர்தற் காலங்களில் இதே கேள்வியை இராப் போசனத்தின்போது விவாதிக்கும் குடும்பங்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் அந்த வினாவையே எடுத்துக்கொள்வோம். "பிறர் சொல்லுக்கு நீர் மயங்கினீரா?" என்று ஒருவரை நேரே கேட்டால் அவர் என்ன சொல்வார்? மானமுள்ள எவரும் இல்லை என்றே சொல்வார். அது பொய்யுமன்று, தம் மனம் எப்போது, எதனால் திரும்பிற்று என்பதைப் பெரும்பாலோர் அறியார். ஆயினும் பெரிய கட்டின் தாள்களை நாம் புரட்டியபோது ஒரு விந்தை தென்பட்டது. அவள் ஓரங்களிற் குறித்து வைத்திருந்த பேச்சுக்களில், "எனக்கில்லை, ஆனால் இந்த இளம் பிள்ளைகளை அது நன்றாக மாற்றிப்போட்டது" என்ற கருத்து மீண்டும் மீண்டும் வந்தது. இளைஞரோ முதியோரைச் சுட்டினர். வீட்டிலிருந்தவர் அடுத்த வீட்டாரைச் சுட்டினார். அமெரிக்க அறிஞர் பிலிப்ஸ் டேவிசன் என்பவர் 1983இல் இதனை ஆராய்ந்து, மூன்றாம் ஆளின் விளைவு என்று பெயரிட்டார். பிரசாரம் தன்னைத் தீண்டாது, பிறரைத் தீண்டும் என்று ஒவ்வொருவரும் எண்ணுவர் என்பது அதன் சாரம். மாணவி பயனற்றதென்று எண்ணிய ஓரக் குறிப்புக்கள்தாம் அந்தக் கட்டில் மிகப் பெறுமதி வாய்ந்தவை என்று நாம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

ஆகவே அவளுக்கு ஒரு பழங்கதையைச் சொல்லவேண்டியதாயிற்று.

வியன்னா நகரில் 1901இல் பிறந்து, கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1933இல் அமெரிக்கா சென்றவர் போல் லாசர்ஸ்பெல்ட். யூத குலத்தவராதலால் நாட்சிகளின் எழுச்சிக்குப் பின் தாயகத்தில் அவருக்கு இடமிருக்கவில்லை. வியன்னாவில் இருந்தபோதே, மக்கள் ஒரு பொருளை ஏன் வாங்குகிறார்கள், மற்றொன்றை ஏன் வாங்காது விடுகிறார்கள் என்பதை ஆராய்ந்து பழகியவர். சவர்க்காரத்தைத் தெரிவு செய்யும் மனத்தையும், அபேட்சகரைத் தெரிவு செய்யும் மனத்தையும் ஒரே முறையால் ஆராயலாம் என்பது அவர் துணிபு. கேட்பதற்குச் சற்று அவமதிப்பாகத் தோன்றினும், முறையைப் பொறுத்தவரை அவர் கூறியது தவறன்று.

1940இல் அமெரிக்க சனாதிபதித் தேர்தல் வந்தது. மூன்றாம் தடவையாகப் பதவி வேண்டி நின்ற ரூஸ்வெல்ற் ஒருபுறம். குடியரசுக் கட்சியின் வில்கி மறுபுறம். அப்போது வானொலி புதுமை குன்றாத சாதனம். ஐரோப்பாவில் ஹிட்லரின் வானொலிப் பிரசாரத்தைக் கண்டு அஞ்சிய உலகம், ஒலிவாங்கியைக் கைப்பற்றியவன் மக்களின் மூளையையும் கைப்பற்றிவிடுவான் என்று நம்பிய காலம் அது. அச்செல்வாக்கை அளந்தறிய எண்ணிய லாசர்ஸ்பெல்ட், ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரியின் கரையிலுள்ள ஈரி என்னும் சிறிய மாவட்டத்தைத் தேர்ந்தார். மக்கள்தொகை ஏறத்தாழ 43,000. நாடு முழுவதும் எப்பக்கம் சாய்ந்ததோ, முந்திய தேர்தல்களில் இம்மாவட்டமும் பெரும்பாலும் அப்பக்கமே சாய்ந்து வந்தது என்பது அதனைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

அவர் செய்த முறையை மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தேர்தல் முடிந்தபின் போய், மாறினீரா என்று கேட்கவில்லை. மே மாதத்திலேயே, நான்கு வீடுகளுக்கு ஒரு வீடாக, ஏறத்தாழ மூவாயிரம் பேரைச் சந்தித்தார்கள். அவர்களுள் 600 பேரைப் பொறுக்கி, அதே 600 பேரிடம் மாதந்தோறும் திரும்பத் திரும்பச் சென்றார்கள். நவம்பர் வரை ஏழு தடவை. சென்றவர்கள் அவ்வூராரே, பெரும்பாலோர் பெண்கள். யாருக்கு வாக்களிக்க எண்ணுகிறீர், எதை வாசித்தீர், எதைக் கேட்டீர், யாருடன் பேசினீர் என்பன வினாக்கள். ஒருவர் ஜூனில் ஒன்றும் ஓகஸ்ற்றில் வேறொன்றும் சொன்னால், அம்மாற்றம் அவர் வாக்குமூலத்தில் அன்றி ஏட்டிலேயே தெரிந்துவிடும். பின்னர், இடையில் நிகழ்ந்தது என்ன என்று துருவிக் கேட்கலாம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மாதந்தோறும் ஒருவரிடம் சென்று தேர்தலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தால், அக்கேள்வியே அவரை மாற்றிவிடாதா? இதனையும் அவர்கள் மறந்தாரல்லர். அதே தன்மையுடைய மேலும் மூன்று கூட்டத்தாரை, கூட்டத்துக்கு 600 பேராக, ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு கூட்டத்தையும் இடையில் ஒரு தடவை மட்டுமே மறுபடி சந்தித்து ஒப்பிட்டுப் பார்த்தனர். தன் கையே தராசில் அழுந்துகிறதோ என்று சந்தேகிக்கும் இக்குணத்தை எம் மாணவரிடையே நாம் அரிதாகவே காண்கின்றோம். ஆசிரியரிடையே அதனிலும் அரிது.

விளைவு என்ன? ஆராய்ந்தவர்களே எதிர்பாராதது. பிரசாரம் தொடங்குமுன், மே மாதத்திலேயே ஏறத்தாழ அரைவாசிப் பேர் தம் முடிவைச் செய்துவிட்டிருந்தனர். இறுதிவரை அதில் நின்றனர். அத்தனை மாதப் பிரசாரத்தின் பின் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 53 பேரிடம் முன்பிருந்த எண்ணம் உறுதிப்பட்டிருந்தது. 14 பேரிடம் உறங்கிக் கிடந்த சார்பு விழித்தெழுந்தது. 16 பேரிடம் யாதொரு விளைவும் இல்லை. ஒரு கட்சியை விட்டு மறு கட்சிக்கு முற்றாக மாறியவர் நூற்றுக்கு எண்மர் மட்டுமே. எஞ்சிய ஒன்பது பேர் தளம்பியவர்கள், அல்லது ஒருமுறை விலகிப் பின் பழைய இடத்துக்கே மீண்டவர்கள்.

பிரசாரத்தை மிகுதியாகக் கேட்டவர்கள் யாரென்று பார்த்தால், முன்னரே முடிவு செய்தவர்கள்தாம்! தம் கட்சியின் பேச்சையே தேடிக் கேட்டார்கள். தமக்குப் பிடித்த பத்திரிகையையே தேடி வாசித்தார்கள். குடியரசுக் கட்சியார் பத்திரிகையை நம்பினர். ரூஸ்வெல்ற்றின் ஆதரவாளர் வானொலியை நம்பினர். எவரை மாற்றுவதற்காகப் பிரசாரம் செய்யப்பட்டதோ அவர்களோ, இரண்டையும் பொருட்படுத்தாது தம் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அமெரிக்கப் பத்திரிகைகளிற் பெரும்பாலானவை வில்கியையே ஆதரித்தன. ஆயினும் தெரிவாளர் வாக்குகளில் 449ஐ ரூஸ்வெல்ற் பெற்றார், வில்கிக்குக் கிடைத்தவை 82.

அவ்வாறாயின் மாறிய சிலர் எதனால் மாறினர்? உணவுச்சாலை ஒன்றிற் பரிமாறும் பெண்ணொருத்தியின் விடை அந்நூலிற் பதிவாகியுள்ளது. பத்திரிகையிலும் சிறிது வாசித்தாளாம். ஆனால் உண்மையில் அவள் மனத்தை மாற்றியது, சாப்பிட வந்தவர்கள் வில்கி சரிவரமாட்டார் என்று தமக்குள் பேசிக்கொண்டது. அவளை நோக்கி எவரும் பிரசாரம் செய்யவில்லை. குடும்பங்களுள் நோக்கியபோதோ, தம் வீட்டில் ஒருவர் தமக்கு மாறாக வாக்களித்தார் என்று கூறியவர் நூற்றுக்கு நால்வர் மாத்திரமே.

பேர்ணாட் பெரல்சன், ஹேசல் கோடெற் ஆகிய இருவருடன் சேர்ந்து லாசர்ஸ்பெல்ட் இவற்றை 1944இல் நூலாக வெளியிட்டார். மக்களின் தெரிவு என்பது அதன் பெயர். ஊடகத்தின் கருத்து முதலில் ஊரிலுள்ள சிலரை அடைகிறது. அவர்கள் வாயிலாகவே மற்றையோரை அடைகிறது என்ற கொள்கை அந்நூலில் முளைவிட்டது. பின்னர் இலினோய் மாநிலத்தின் டிகேற்றர் நகரில் ஏறத்தாழ 800 பெண்களிடம் நடத்திய ஆய்வைக் கொண்டு, அவரும் எலிகு கற்ஸ் என்பாரும் 1955இல் அதனை விரித்தெழுதினர். அக்கருத்துத் தலைவர்கள் பட்டமும் பதவியும் உடைய பெரியவர்கள் என்று எண்ணவேண்டாம். கடைக்காரர், அயல்வீட்டுப் பெண், உடன் வேலை செய்பவர் ஆகிய சாதாரண மனிதரே அவர்கள்.

"பார்த்தாயா பிள்ளை, ஊடகத்தின் வலிமையை அளக்கப் போனவர் அயலாரின் வலிமையைக் கண்டு திரும்பினார். எதிர்பாராத தாள்களை அவர் ஒதுக்கியிருந்தால் உலகம் அவரை மறந்திருக்கும்" என்றோம். மடியிலிருந்த கட்டு மேசைக்கு வந்தது.

அமெரிக்கக் கதை எமக்கு எதற்கு என்பார் உளர். இலங்கையில் 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை நிறுவனமான லேக் ஹவுஸ் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் நின்றது. அக்கட்சியோ 95 ஆசனங்களில் எட்டையே பெற்றது. பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணிக்கு 51. அவர் நம்பியது அச்சியந்திரத்தை அன்று. பிக்குமார், சுதேச வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்ற ஐம்பெரும் சக்திகளை. கிராமத்து மனிதன் நோயுற்றபோது நாடுவது வைத்தியரை. மகனின் படிப்பைப் பற்றிக் கேட்பது ஆசிரியரை. அவர்களே வாக்கைப் பற்றியும் சொன்னார்கள். டிகேற்றர் ஆய்வு நூலாய் வெளிவந்த மறு ஆண்டு அதே பாடம் இங்கு நடந்தேறிற்று. அவ்வெற்றி கொணர்ந்த மொழிச் சட்டத்தைத் தமிழர் எவரும் மறந்திலர். எனினும், விளைவை வெறுப்பதற்காக அது எவ்வழியால் வந்தது என்பதை ஆராயாது விடுவது அறிவுடைமை ஆகாது.

எமது இளமைக் காலத்தில் 1990களின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் சிறு மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சுழற்றுவது எம் போன்ற சிறுவரின் வேலை. கை ஓய்ந்தால் இலண்டன் தமிழோசையும் ஓய்ந்துவிடும். பெரியவர்களின் ஏச்சு விழும். செய்தி கால் மணி, அரை மணியில் முடிந்துவிடும். அதன் பின்னரே உண்மையான செய்தி தொடங்கும். இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் எம் ஒழுங்கையில் இருந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அவன் அப்படிச் சொன்னதன் கருத்து இது" என்று அவர் விளக்குவார். மறுநாட் காலை கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் உலாவியது வானொலி சொன்னதன்று, தபாலதிபர் சொன்னது. வாசிகசாலைகளில் ஒருவர் உரத்து வாசிக்கப் பத்துப்பேர் கேட்ட காலத்திலும் நிகழ்ந்தது இதுவே. இன்று ரொறன்ரோவிலிருந்து அழைத்து, யாருக்கு வாக்களிக்கவேண்டும் என்று ஊரிலுள்ள தமக்கைக்கு உரைக்கும் தம்பியும் தபாலதிபரின் வழித்தோன்றலே. அவருக்கு இங்கு வாக்கில்லை என்பது வேறு கதை.

இவ்வளவும் கேட்ட எம் மாணவி, மறு அந்தத்துக்குத் தாவிவிட்டாள். "அப்ப ஊடகத்துக்கு ஒரு பலமுமில்லை எண்டு எழுதட்டா, சேர்?" என்றாள். மாணவர் இயல்பு அது. ஒரு தூணை விட்டால் அடுத்த தூணைக் கட்டிப்பிடிப்பர்.

அதுவும் சரியன்று. ஈரி மாவட்டத்தில் அந்நாள் தொலைக்காட்சியே இருந்ததில்லை. மேலும், வாக்கை மாற்றுவது ஒன்றே செல்வாக்கு என்று ஏன் கொள்ளவேண்டும்? 1968ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வட கரோலினாவின் சப்பல் ஹில் நகரில் மக்கோம்ஸ், ஷோ என்னும் இருவர், இன்னும் முடிவு செய்யாத வாக்காளர் நூறு பேரிடம், நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவையென்று கேட்டார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எவற்றைப் பெரிதாகக் காட்டினவோ, ஏறக்குறைய அதே வரிசையில் அவர்களும் சொன்னார்கள். 1972இல் வெளிவந்த இவ்வாய்வு புதியதொரு வாயிலைத் திறந்தது. யாரை ஆதரிப்பது என்பதை ஊடகம் எளிதிற் சொல்லித்தர இயலாது. ஆனால் எதைப் பற்றிக் கவலைப்படுவது என்பதை அது சொல்லித்தருகிறது. காணி, வேலை, மீன்பிடி, ஊழல் என்பவற்றுள் எது முதலில் நினைவுக்கு வருகிறதோ, அதனை வைத்தல்லவா அபேட்சகரை எடை போடுவோம்?

கைத்தொலைபேசியைப் பற்றிக் கேட்டாளாதலால் இன்னொன்றும் சொன்னோம். 2010 நவம்பரில் அமெரிக்கக் கொங்கிரஸ் தேர்தலன்று, முகநூலிற் சேர்ந்த 6 கோடியே 10 இலட்சம் பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. வாக்களிக்கச் செல்லுங்கள் என்ற அறிவித்தல் சிலருக்கு வெறுமனே காட்டப்பட்டது. மிகப் பலருக்கு, வாக்களித்துவிட்டதாகத் தெரிவித்த நண்பர்களின் முகங்களுடன் காட்டப்பட்டது. ஒரு பகுதியாருக்கு ஒன்றும் காட்டப்படவில்லை. வெறும் அறிவித்தலைக் கண்டோருக்கும், ஒன்றும் காணாதோருக்கும் வாக்களிப்பில் வேறுபாடில்லை. நண்பர் முகத்தைக் கண்டோர் சிறிது மிகுதியாக வாக்குச்சாவடி சென்றனர். அவர்களைப் பார்த்து அவர்களின் நெருங்கிய நண்பரும் சென்றனர். நேரே தூண்டப்பட்டவரிலும் இவ்வாறு சென்றவர் தொகையே பெரிது. 2012இல் இது வெளியாயிற்று. கண்ணாடித் திரைக்குள்ளும் ஆளை அசைத்தது தெரிந்தவரின் முகமே.

எம் மாணவி இரவு எட்டு மணிவரை இருந்தாள். பழைய வினாக்கொத்தை நாமிருவரும் மேசைமீது பரப்பி வைத்துத் திருத்தினோம். மாற்றிக்கொண்டதுண்டா என்ற வினாவை அவளே கோடிட்டு அகற்றினாள். அதனிடத்தில், சென்ற வாரம் தேர்தலைப் பற்றி யாருடன் பேசினீர்கள், பேச்சைத் தொடங்கியது யார், அவருக்கு அது எங்கிருந்து தெரிந்தது என்ற சிறு வினாக்கள் அமர்ந்தன. 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவிருந்தமை அவளுடைய நல்வாய்ப்பு. அதற்கு முன் அதே வீடுகளுக்கு மூன்று தடவை, பின் ஒரு தடவை செல்வதென்று தீர்மானித்தாள். ஒருத்தி தனித்து, ஒரு ஸ்கூட்டரில், பங்குனி சித்திரை வெயிலிற் செய்யக்கூடியது அவ்வளவே. ஆதலால் வீடுகளின் தொகையைப் பாதியாக்கினாள். ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கூட்டத்தாரை வைத்துக்கொள்ள அவளிடம் வசதியில்லை. அக்குறையை ஆய்வுக் கட்டுரையில் மறைக்காது எழுதவேண்டும் என்று சொன்னோம். பழைய இரண்டு கட்டுக்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, பின்னிணைப்பில் முழுவதையும் தருவதாகச் சொல்லிச் சென்றாள்.

மே மாதத்துக்குப் பின் ஒரு நாள் வந்தாள். வெயிலிற் கறுத்திருந்தாள். கணக்குகள் இன்னும் முடியவில்லை என்றாள். ஆனால் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. அங்கே எழுபது வயது கடந்த ஆச்சி ஒருவர். எழுத்து வாசிக்கக் கண் தெரியாது. பதினெட்டு வயதுப் பேரன் வாட்ஸ்அப்பில் வருவனவற்றையெல்லாம் நாள்தோறும் அவருக்கு வாசித்துக் காட்டுவானாம். தன் கருதுகோளுக்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை என்று மகிழ்ந்து, அவர் மூன்றாம் தடவையும் அதே விடையைச் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டு எழுந்திருக்கிறாள். ஆச்சி கையைப் பிடித்து மறுபடி இருத்தினாராம்.

"அவன் வாசிச்சுச் சொல்லுவான், பிள்ளை. ஆருக்குப் போடுறதெண்டு நான்தான் அவனுக்குச் சொல்லுவன். அதையும் எழுது."